துப்பாக்கிக் குழலின் முறுக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகாணி மரை போல வளைந்து ஓடும் காடிகள்தான் குண்டைச் சுழற்றி வெளியே அனுப்புகின்றன. ஒரு முழுச் சுற்றுக்குக் காடி எத்தனை அங்குலம் எடுத்துக்கொள்கிறதோ, அதுவே குழலின் முறுக்கு. 1:10 என்றால் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1:8 என்றால் 8 அங்குலத்திலேயே ஒரு சுற்று. எண் சிறுக்கச் சிறுக்க முறுக்கு நெருக்கமாகும். கடையில் வாங்கும் ரைஃபிளில் இதைத் தொழிற்சாலை முடிவுசெய்துவிடும். அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலங்களில் எல்க் மான் வேட்டைக்கென்று, 500, 600 கஜ தூரத்தை மனத்தில் வைத்துத் தனியாக ரைஃபிள் செய்யச் சொல்பவரோ அந்த எண்ணைத் தாமே சொல்லியாக வேண்டும். பழைய நம்பிக்கைகள் குறுக்கே வருவது அப்போதுதான்.

அவற்றில் மிகப் பரவலானது, கனமான குண்டுக்கு நெருக்கமான முறுக்கு வேண்டும் என்பது. பேச்சு வழக்கில் இது பெரும்பாலும் பொருந்தும், காரணம்தான் தவறு. முறுக்கைத் தீர்மானிப்பது குண்டின் நீளம். ஒரே விட்டத்தில் எடையைக் கூட்டினால் நீளமும் கூடுகிறது, அதனால் எடை காரணம்போலத் தெரிகிறது. 1879இல் உல்விச் இராணுவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கிரீன்ஹில் பீரங்கிக் குண்டுகளுக்காக வகுத்த சூத்திரம் விட்டத்தையும் நீளத்தையும் மட்டுமே கேட்டது. ஈயத்தின் அடர்த்தியை அது முன்கூட்டியே எடுத்துக்கொண்டது. 2005இல் டான் மில்லர் தந்த விதி எடையையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் எடை அதில் வேலை செய்யும் திசை பலரையும் திகைக்கவைக்கும்: ஒரே நீளமுள்ள இரண்டு குண்டுகளில் கனமானதுதான் எளிதில் நிலைத்துப் பறக்கும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. கலிஃபோர்னியாவில் காண்டோர் கழுகுகள் ஈயம் தின்று மடிந்ததையடுத்து 2013இல் சட்டம் வந்தது; 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. மாற்றாக வந்த செம்புக் குண்டின் அடர்த்தி குறைவு. அதே எடையை எட்ட அது நீண்டாக வேண்டும். ஈயக் குண்டு எத்தனை கிரெய்ன் எடை என்று பார்த்து முறுக்கைத் தேர்ந்தவர், அதே கிரெய்னில் செம்புக் குண்டு வாங்கிச் சுடும்போது ஏமாந்துபோவதற்கு இதுவே காரணம்.

முறுக்கு தளர்வாக இருந்தாலும் வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்பது அடுத்தது. வேகம் கூடினால் சுழற்சி கூடும் என்பது உண்மைதான். 1:8 குழலிலிருந்து நொடிக்கு 3,000 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு நிமிடத்துக்கு 2,70,000 முறை சுற்றுகிறது. ஆனால் குண்டின் மூக்கைப் பிடித்துக் கவிழ்க்கப் பார்க்கும் காற்றின் விசையும் வேகத்தோடு சேர்ந்தே வளர்கிறது. மில்லர் விதிப்படி வேகம் 10 சதவீதம் உயர்ந்தால், குண்டு எவ்வளவு நிலைத்துப் பறக்கும் என்பதைக் காட்டும் நிலைப்பு எண் ஏறக்குறைய 3 சதவீதம்தான் உயரும். முறுக்கை 1:10இலிருந்து 1:8 ஆக்கினாலோ அதே எண் ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. பெரிய மேக்னம் தோட்டா தளர்ந்த முறுக்கைக் காப்பாற்றாது.

நிலைப்பு எண் 1க்குக் கீழே போனால் குண்டு கரணமடிக்கும். 1ஐத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. 1க்கும் 1.5க்கும் இடையில் குறி அட்டையில் துளை வட்டமாகவே விழலாம். ஆனாலும் மூக்கு மெல்ல ஆடுவதால் காற்றின் தடை கூடி, தூரம் போகப் போகக் குண்டு கணக்கைவிடத் தாழ்ந்து விழும். நூறு கஜத்தில் சோதிப்பவர் கண்ணுக்கு இது படுவதே இல்லை. நெடுந்தூரத்துக்கு 1.5ஐக் கீழ் வரம்பாக வைப்பதே முறை.

சுழற்சி தூரத்தில் தீர்ந்துபோகும் என்ற எண்ணம் பம்பரத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த உவமை பாதி வழிதான் வரும். பறக்கும் குண்டு முன்னோக்கிய வேகத்தைச் சட்டென்று இழக்கிறது, சுழற்சியை மெதுவாகவே இழக்கிறது. எனவே ஒலியின் வேகத்துக்கு மேலே இருக்கும்வரை, போகப் போக அதன் நிலைப்பு எண் கூடவே செய்யும். சிக்கல் தொடங்குவது ஒலியின் வேகத்தை நெருங்கும்போது. நிதானமான வேட்டைக்காரர் அவ்வளவு தூரத்தில் விலங்கின் மீது சுடமாட்டார்.

நெருக்கமான முறுக்கு குறியைக் கெடுக்கும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. எடை மையம் பிசகிய குண்டு அதிகச் சுழற்சியில் அதிகமாக விலகும். சிறு விலங்குகளுக்கான மெல்லிய உறைக் குண்டுகள் காற்றிலேயே சிதறியதும் உண்டு. ஒழுங்காகச் செய்த வேட்டைக் குண்டில் இந்த இழப்பு சொற்பம். அழுத்தம் ஏறும், வேகம் குறையும் என்ற அச்சமோ ஆதாரமற்றது: சுழற்சிக்குப் போகும் ஆற்றல், குண்டின் மொத்த ஆற்றலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வலப்புறம் முறுக்கிய குழல் 1,000 கஜத்தில் குண்டை ஏறத்தாழ ஒரு சாண் வலப்புறம் தள்ளும். 500 கஜத்தில் அது விரற்கடைக் கணக்கு.

இடமும் பருவமும் ஒரு கணக்கு. கடல் மட்டத்திலிருந்து 8,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் நிலைப்பு எண் கால் பங்குக்கு மேல் கூடும். கொலராடோ மலையில் நன்றாகச் சுட்ட ரைஃபிள், கடலோரத்துக் குளிர்காலையில் தடுமாறலாம். எம்16 துப்பாக்கியின் 1:14 முறுக்கு உறைபனிக் குளிரின் அடர்ந்த காற்றில் போதாமல்தான் 1960களில் 1:12 ஆனது.

மிச்சமிருப்பது, இன்றைய குண்டுக்குப் போதுமானது என்றைக்கும் போதும் என்ற நம்பிக்கை. 1925இல் வந்த .270 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 1:10 வழக்கமானது. அதே விட்டத்தில் 2021இல் வந்த 6.8 வெஸ்டர்ன், நீண்ட குண்டுகளுக்காக 1:8க்கும் அதைவிட நெருக்கத்துக்கும் போனது. முறுக்கு மிகையானால் நஷ்டம் சிறிது. போதாமல் போனால் குழலையே மாற்ற வேண்டும். ஆகவே இனி எப்போதாவது சுட நினைக்கும் குண்டுகளில் மிக நீளமானதை, மிகக் குளிர்ந்த தாழ்நிலக் காற்றில் வைத்துக் கணக்கிட்டு, ஐயம் வந்தால் சிறிய எண்ணை எழுதிக்கொடுப்பதே சரி.

இதில் தவறியது ஒரு பெரிய நிறுவனம். 1955இல் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் ஒரே விட்டத்தில் சந்தைக்கு வந்தன. வின்செஸ்டர் 1:10 முறுக்கோடு 100 கிரெய்ன் மான் குண்டைத் தந்தது. சிறு விலங்கு வேட்டையையே எண்ணிய ரெமிங்டன் 1:12 தந்து 90 கிரெய்னில் நின்றது. பிறகு முறுக்கை 1:9 ஆக்கி, 1963இல் 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிப் பார்த்தது. .243 வின்செஸ்டர் இன்று அமெரிக்கக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது, 6 மி.மீ. ரெமிங்டன் தோட்டாவைத் தேடித்தான் வாங்க வேண்டும்.