பாலைவனத்து இல்லத் தோட்டமும் அநர்த்ததண்ட விரதமும்

பாடசாலையில் ஒரு சிறுமி கேட்ட வினாவிலிருந்து இப்பாடத்தைத் தொடங்குவோம். "கீழே சிந்திய தண்ணீரைச் செடிதானே குடிக்கிறது, பாட்டி? அதில் பாவம் என்ன?" என்று அவள் கேட்டாள்.

அன்று யாம் நடத்திக்கொண்டிருந்தது குணவிரதம் மூன்றனுள் ஒன்றாகிய அநர்த்ததண்ட விரதம். பயனின்றிப் பிறவுயிர்க்கு ஊறு விளைப்பதை விலக்குதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அநர்த்ததண்டத்தை ஐந்தாகப் பகுத்துரைக்கிறார். அவற்றுள் இரண்டு இங்கே நமக்கு வேண்டும். ஒன்று, பிரமாதசரியை. காரணமின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றெழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவை அதில் அடங்கும். மற்றொன்று ஹிம்சாதானம். கொலைக்குக் கருவியாகும் படைக்கலம், மண்வெட்டி, நஞ்சு முதலியவற்றைப் பிறர்க்கு வழங்குதல் அது.

நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்று நூல் கூறும் விடையைச் சிறுமிக்குக் கூறினோம். தலையசைத்தாள், முகத்தில் தெளிவில்லை. அவள்மேல் குறையில்லை. எமக்கே அது பல்லாண்டு ஒப்பித்த விடையாகத்தான் இருந்தது. அதன் பொருளை யாம் கண்ணாரக் கண்டது, மகள் குடும்பத்துடன் இரண்டாண்டு தங்கியிருந்த ஜோத்பூரில், ஒரு சிறிய வீட்டுத் தோட்டத்தில்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்தனர். அவ்வாறே செல்வோம். சென்னையில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது. தார்ப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள ஜோத்பூரில் ஏறத்தாழ 360 மி.மீ. மட்டுமே. அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் முற்பாதிக்குள் பெய்து முடிந்துவிடும். நம் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஏரி நிரம்பும். அங்கு ஐப்பசியில் வானம் வெளுத்துக் கிடக்கும். கோடையின் கடுமையோ சொல்லில் அடங்காது. ஜோத்பூருக்கு வடமேற்கேயுள்ள பலோதியில் 2016 மே 19 அன்று 51 பாகை செல்சியசு பதிவாயிற்று.

அண்டை வீட்டில் ஓஸ்வால் மரபைச் சேர்ந்த மூதாட்டியார் ஒருவர் இருந்தார். சுவேதாம்பர நெறியினர், எம்மினும் மூத்தவர். எமது ஆசிரியத் தொழிலை அறிந்து "பஹன்ஜி" என்றே அழைப்பார். எமது இந்தி குறைபாடுடையது; அவர் பேசியதோ பாதி மார்வாடி. ஆயினும் மண்ணைத் தொட்டுப் பேசும்போது மொழி தடையாகவில்லை.

ஆனி மாதத்திற்குள் அகழ்தல், கொத்துதல் அனைத்தையும் அவர் முடித்துவிடுவார். சாதுர்மாஸ்யம் தொடங்கியபின் அவர் தோட்டத்தில் மண்வெட்டி இறங்காது. மழையில் சிற்றுயிர்கள் பெருகுவதால் முனிவர்கள் ஓரிடத்தில் தங்கும் காலம் அது. இல்லறத்தார் மட்டும் மண்ணைப் புரட்டலாமா என்பது அவர் வாதம். அப்படியாயின் விதைப்பு எவ்வாறு? முதல் நல்ல மழைக்குப்பின் குச்சியால் சிறு குழியிட்டுக் கொத்தவரை, நரிப்பயறு, கம்பு ஆகியவற்றின் விதைகளை இடுவார். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் நம் பழமொழி அவருக்குத் தெரியாது. ஆயினும் ஆடியில்தான் விதைத்தார். மேற்கூரை மழைநீர் நிலத்தடித் தொட்டியில் சேரும். அதனை அங்கு டாங்கா என்பர். முதல் மழை கூரையைக் கழுவி வெளியே ஓடியபின்னரே நீரை உள்ளே விடுவர். தொட்டியிலிருந்து எடுக்கும் நீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை அத்தொட்டி நீரிலேயே மெல்லச் சேர்ப்பார். நம் பாட்டிமார் கிணற்றடியில் செய்ததும் அதுவே.

இனி ஒரு கணக்கு. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 60 சதுர மீட்டர் கூரையில் 360 மி.மீ. பெய்தால் 21,600 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் எனக் கொண்டால் எஞ்சுவது 17,280 லிட்டர். 1959இல் ஜோத்பூரில் நிறுவப்பட்ட மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் சிற்றூர்க் குடும்பங்களுக்கென வகுத்த டாங்காவின் கொள்ளளவு 21,000 லிட்டர். ஆகவே நம் கணக்கு உலகியலுக்குப் புறம்பானதன்று. நால்வர் பருகவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 7,300 லிட்டர் ஆகும். தோட்டத்திற்கு மிஞ்சுவது 9,980 லிட்டர்.

குளிர்காலத்தில் 4 சதுர மீட்டர்ப் பாத்தி ஒன்றுக்குச் சதுர மீட்டருக்கு நாள்தோறும் 4 லிட்டர் விட்டால், 120 நாளைக்கு 1,920 லிட்டர். ஐந்து பாத்திகளுக்கு 9,600. கணக்கு முடிந்தது; தொட்டியும் முடிந்தது. அதே பாத்தி மே மாதத்தில் இருமடங்குக்கு மேல் நீர் கேட்கும். கோடையில் கீரைப் பாத்தி வைப்பவர் குடிநீரைத்தான் வெயிலுக்கு வார்க்கிறார். நகரத்தில் இந்திரா காந்திக் கால்வாய் நீர் குழாய்வழி வருவதால் இக்கணக்கை இன்று பலர் மறந்துவிட்டனர். மூதாட்டியார் மறக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பாய்ச்சும் வழக்கம் அவரிடம் இல்லை. சுட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்புவார். பானையின் உடல்வழி நீர் கசிந்து வேருக்குச் செல்லும். எறும்பும் பூச்சியும் விழாதவாறு பானை வாயை ஓட்டினால் மூடிவைப்பார்.

ஐப்பசியில் வெந்தயம், பாலக், கொத்துமல்லி, பட்டாணி, தக்காளி விதைப்பர். அங்கு இல்லத் தோட்டத்தின் செழிப்பான பருவம் இதுவே. கிழங்கு வகைகள் அவர் பாத்தியில் கிடையா. கீரையை வேரோடு பிடுங்காமல் இலையாகக் கிள்ளுவார். அச்செடி மீண்டும் தழைக்கும். மார்கழி, தை இரவுகளில் உறைபனிக்கு அஞ்சவேண்டும். வடக்கே சூரு நகரில் வெப்பநிலை சுழிக்குக் கீழும் இறங்குவதுண்டு. மாலையில் சிறிது நீர்விட்டுச் சாக்குத்துணியால் செடிகளை மூடினால் போதும். சிலர் புகைமூட்டம் போடுவர். இரவுத் தீயில் விட்டில்கள் வந்து விழும் என்று மூதாட்டியார் அதற்கு இசைவதில்லை. தை, மாசியில் இலந்தை பழுக்கும்.

சித்திரை முதல் பாத்திகள் வெறுமையாகும். அனற்காற்றாகிய லூ வீசும். அப்போது பச்சை காட்டுவது வன்னி மரம். அங்கு கேஜ்ரி என்பர். அதன் இளங்காய் சாங்ரி. அதனையும் கேர்க் காய்களையும் உலர்த்தி வைத்து, கீரை விலக்கிய மழைக்கால மாதங்களில் சமைப்பர். ஜோத்பூரை அடுத்த கேஜட்லி ஊரில் இம்மரங்களை வெட்டவிடாது 1730இல் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்நீத்தனர். அவர்கள் சமணர் அல்லர். ஆயினும் ஓரறிவுயிரின் பொருட்டு ஐயறிவும் மனமும் உடையோர் உயிரீந்த வரலாறு நம் பிள்ளைகளும் அறியவேண்டியது.

இனி எமது பிழையைக் கூறவேண்டும். முதலாண்டுச் சித்திரையில், பேரன் நட்ட எலுமிச்சைக் கன்று வாடுவது கண்டு, ஈரங்காக்கக் கம்பந்தட்டையை அதன் அடியில் தடிப்பாகப் பரப்பினோம். மட்காத சாணத்தையும் இட்டோம். நம் ஊர்ப் பழக்கம், நல்லதென்றே எண்ணினோம். இரு வாரத்தில் கறையான் ஏறிற்று. முதலில் தட்டையைத் தின்றது. பிறகு கன்றின் பட்டையைத் தொட்டது. தோட்டவேலை செய்யும் மாலி, மருந்து ஊற்றினால் ஒரே நாளில் தீரும் என்றார். பேரன் அழுதான். யாம் பணம் கொடுத்தோம். மறுநாள் காலை கன்றைச் சுற்றிக் கறையான்களும் எறும்புகளும் குவியலாக மடிந்து கிடந்தன. தொல்காப்பிய மரபியல் சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர் என்று வகுப்பதை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். அன்று அப்பட்டியல் எம் காலடியில் கிடந்தது. வைகாசி வெயிலில் எலுமிச்சையும் பட்டுப்போயிற்று.

பிரதிக்கிரமணத்தின்போது இது இல்லறத்தார்க்குத் தவிர்க்கவியலாத ஆரம்ப ஹிம்சையா என்று பலமுறை எண்ணினோம். கன்றைக் காக்கத்தானே செய்தோம், பயனற்ற செயலன்றே என்று மனம் வாதிட்டது. மூதாட்டியாரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "பஹன்ஜி, உலர்ந்த தட்டையைப் பரப்பிக் கறையானை விருந்துக்கு அழைத்தவர் நீங்கள். வந்தபின் நஞ்சு வைப்பதா?" என்று மட்டும் கேட்டார். நாம் பாடமாகச் சொல்லும் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, அங்கேதான் இருந்தது. நஞ்சுக்குக் கொடுத்த பணம் ஹிம்சாதானம். அதனை மறுக்க எம்மிடம் சொல்லில்லை.

அடுத்த ஆண்டு அவர் வழியைப் பின்பற்றினோம். மூன்று, நான்கு மாதம் நன்கு மட்கிய சாணத்தை மட்டும் மழைக்கு முன் இட்டோம். வேப்பம்பிண்ணாக்குச் சிறிது கலந்தோம். ஈரங்காக்கத் தட்டைக்குப் பதிலாக அவ்வூரில் எளிதிற் கிடைக்கும் செம்மணற்கல் சில்லுகளைச் செடியின் அடியில் பரப்பினோம். காய்ந்த கிளைகளையும் சருகையும் தோட்டத்தின் தொலைமூலையில் குவித்தோம். அது கறையானின் பங்கு. புதிய கன்றை ஆடி மழையில், வன்னி நிழலோரம் நட்டோம். கறையான் அறவே வரவில்லை என்று சொல்லமாட்டோம். பாத்தியோரம் இருமுறை மண்தடம் கண்டோம். அதனை மெல்ல விலக்கிக் கன்றுக்குச் சிறிது நீர்விட்டதே போதுமானதாயிற்று. யாம் ஊர் திரும்பும்போது கன்று முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு: உங்கள் வீட்டுக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பரப்பைக் காண்க. உங்கள் வட்டத்தின் ஆண்டு மழையளவை ஆசிரியரிடம் கேட்டறிந்து, மேற்கண்டவாறு கூரைநீரைக் கணக்கிடுக. பின்னர் ஒரு நாள் முழுதும் வீட்டில் எவருக்கும், எச்செடிக்கும் பயன்படாமல் சிந்திய நீரை ஒரு வாளியில் பிடித்து அளந்து, அதனை 365ஆல் பெருக்குக. விடைகளை இதழ் முகவரிக்கு எமக்கு அனுப்பினால் திருத்தித் தருவோம்.