பாலிலா, எலும்பிலா?

கேள்வி: அப்பாவுக்குச் சதையியில் கட்டி. இரத்தத்தில் கல்சியமும் கூடிவிட்டதாம். பாலையும் நெத்தலியையும் நிறுத்தினால் குறையுமா?
– வாசகி, பெரியகல்லாறு

பதில்: குறையாது, மகள். அந்தக் கல்சியம் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து வரவில்லை. எலும்பிலிருந்து கரைந்து வருகிறது. சதையியின் ஓமோன் கலங்களில் தோன்றும் அரிய புற்றுநோய்கள் சில, பராதைரொயிட் ஓமோனைப் போன்றதொரு புரதத்தைச் சுரக்கும். 1987இல் இனங்காணப்பட்ட அப்புரதம் எலும்பைக் கரைக்கும். சிறுநீரோடு கல்சியம் வெளியேறுவதையும் குறைக்கும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் இரத்தத்தில் கல்சியம் கூடியதன் அடையாளங்கள். சேலைனும் எலும்புக் கரைவைத் தடுக்கும் ஊசியும் அளவை இறக்கும். கட்டியை அடக்கினால்தான் அது திரும்ப ஏறாது. கல்சியம், விற்றமின் டி குளிசைகள் எடுத்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அப்பா குழம்பிப் பேசினாலோ மயங்கினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராதீர்கள். உடனே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.