ஜெர்பிலுக்கு எந்த மணல்?

ஜெர்பில் என்ற சின்ன எலிவகைப் பிராணியைத் தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது என்பதை விற்கும்போதே கடைக்காரர் சொல்லிவிடுவார். கூடவே ஒரு பொட்டலம் ‘குளியல் மண’லையும் தலையில் கட்டிவிடுவார். அதற்குள் இருப்பது மணலா, மாவா, சுண்ணாம்பா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மலேசியாவின் பத்தாங் காலியில் ஜெர்பில் வளர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூண்டு, தீனி எல்லாவற்றையும்விட நம் பக்கத்தில் அதிகம் யோசித்து வாங்க வேண்டியது இந்த மணலைத்தான்.

காரணம் நம் காற்று. ஜெர்பிலின் சொந்த ஊர் மங்கோலியாவும் வட சீனாவின் வறண்ட புல்வெளிகளும். 1866-ல் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்தார். 1954-ல் ஜப்பானிலிருந்து பதினோரு ஜோடிகள் அமெரிக்காவுக்குப் போயின. ஆய்வுக்கூடத்துக்கென்று போனவை பிறகு வீட்டுக்குள் புகுந்தன. அந்தப் பிராணியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் என்றொரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் எண்ணெயை எச்சிலோடு சேர்த்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். குளிருக்கு அது நல்ல போர்வை. மிஞ்சும் எண்ணெயை மணலில் புரண்டு துடைத்துவிடும். நம் ஊரிலோ குளிரும் இல்லை, வறட்சியும் இல்லை. ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தைத் தாண்டினாலே ஜெர்பிலின் ரோமம் பிசுபிசுத்துச் சிலிர்த்து நிற்கத் தொடங்கும். தித்திவங்சா மலையடிவாரத்தில் பிற்பகல் மழை கொட்டி ஓய்ந்த பிறகு ஈரப்பதமானி ஐம்பதைக் காட்டினால் அதைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாம்.

மணல் சரியில்லை என்றால் முதலில் காட்டிக் கொடுப்பது மூக்கு. நாசித் துவாரத்தைச் சுற்றிச் செங்கருப்பாக ஒரு பொருக்கு. பார்த்தால் ரத்தம் மாதிரியே இருக்கும், ஆனால் எண்ணெயோடு சேர்ந்து சுரக்கும் போர்பிரின் என்ற நிறமியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைப் பிடித்தால் இளஞ்சிவப்பாக ஒளிரும். துடைக்காமல் விட்டால் அந்த இடத்துத் தோல் புண்ணாகும், ரோமம் உதிரும்.

சரி, கடைக்குப் போவோம். ‘ஹம்ஸ்டர் குளியல்’ என்று எழுதிய பொட்டலங்களில் பல மணலே அல்ல. மாவு போன்ற நைசான தூள் ஒரு வகை. சின்சில்லா என்ற தென்னமெரிக்கப் பிராணிக்கான எரிமலைச் சாம்பல் அது. சின்சில்லாவுக்கே சிறிது நேரம் கொடுத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். நாளெல்லாம் தோண்டிக்கொண்டே இருக்கிற ஜெர்பிலின் தொட்டியில் அதை வைத்தால் மூச்சுக் குழாய் என்ன ஆகும்? இரண்டாவது வகை சுண்ணாம்பு மணல், அதாவது கால்சியம் கார்பனேட். நனைந்தால் கட்டிதட்டும், ரோமத்தில் ஒட்டும், நக்கி விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது எலுமிச்சை, லாவெண்டர் வாசனை போட்ட வண்ண மணல். ஜெர்பில்கள் ஒன்றையொன்று வாசனையால்தான் அடையாளம் காணும். வயிற்றில் அதற்கென்றே ஒரு சுரப்பி இருக்கிறது. அதன்மேல் லாவெண்டரைப் பூசினால் கூட்டாளியே சண்டைக்கு வந்துவிடும்.

‘சிலிகா இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். சாதாரண மணலே குவார்ட்ஸ்தான், குவார்ட்ஸ் என்றால் சிலிகாதான். கெடுதல் பருக்கையில் இல்லை, நுரையீரலுக்குள் போகும் அளவு நுண்ணிய தூசியில் இருக்கிறது. பத்து மைக்ரானுக்குக் கீழான தூசி கண்ணுக்கே தெரியாது. முழுப் பருக்கை நுரையீரலுக்குள் நுழையாது. ‘சிலிகா’ என்ற பேருக்குப் பயந்து சுண்ணாம்பை வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

நான் பார்க்கும் சோதனைகள் சமையலறையிலேயே முடிந்துவிடும். ஒரு கரண்டி மணலில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, ஓரமாக வைத்துவிடலாம். அடுத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் மூன்று விரல் மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி குலுக்குங்கள். நல்ல மணல் சடசடவென்று அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். பால் மாதிரி கலங்கி அப்படியே நின்றால், அந்தக் கலங்கல் முழுவதும் பிராணி சுவாசிக்கப்போகும் தூசி. கடைசியாகப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். உருண்டையாக நழுவ வேண்டும். குத்தினால் அது உடைகல் மணல். குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல், சாயம் போடாத நைசான மீன் தொட்டி மணல், ஊர்வனவற்றுக்கான குவார்ட்ஸ் மணல் இவை பெரும்பாலும் தேறும்.

“ஆத்துல இல்லாத மணலா, இதுக்குப் போயி வெள்ளிய செலவழிக்கிறியேப்பா?” என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆற்று மணல் வேண்டாம் என்பதற்கு என் பதில்: எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி ஈர மண்ணில் உயிரோடிருக்கும். 2010 முதல் மலேசியாவில் அது அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயக்குட்டை மணல் வெள்ளைவெளேரென்று ஆசை காட்டும். ஈயம் அலசிய இடத்தில் தங்கும் ‘அமாங்’ என்ற கனிமக் கசடில் மோனசைட் உண்டு, அது கதிரியக்கம் உள்ளது. அந்தப் பக்கமே போக வேண்டாம். கோல சிலாங்கூர் கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். வீடு கட்டுகிற இடத்தில் குவித்த மணலில் சிமெண்ட் கலந்திருக்கலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அடுப்புச் சாம்பலை நினைப்பார்கள். கோழி சாம்பலில் புரண்டு பேன் போக்கிக்கொள்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் விறகுச் சாம்பல் நம் ஈரக் காற்றில் காரமாகித் தோலை அரிக்கும். முகப் பவுடரும் கூடாது, நனைந்தால் கட்டியாகும் பூனை மணலும் கூடாது.

வாங்கிய மணலைத் தண்ணீர் தெளியும் வரை அலசி, வெயிலில் உலர்த்தி, பிறகு இரும்புக் குவாலியில் போட்டு மிதமான தீயில் கிளறிக்கொண்டே அரைமணி நேரம் வறுப்பேன். கடலை வறுக்கிறவர்கள் செய்வது போலத்தான். ஆறியதும் மாவுச் சல்லடையில் சலிக்க வேண்டும். சல்லடையில் தங்கும் கல்லையும் கீழே படியும் தூளையும் விட்டு நடுப் பருவத்தை எடுப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. தூசி பறக்கும், நீங்களும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வறுத்த மணல் நம் ஊரில் வறுத்தபடியே இருக்காது. திறந்து வைத்தால் மறுநாளே கைக்கு ஜில்லென்று ஒட்டும். அதனால் மைலோ டின்னில் இறுக்கி மூடி வைக்கிறேன். அடி கனமான பீங்கான் கிண்ணத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கொட்டி, சாயங்காலம் அரைமணி நேரம் தொட்டிக்குள் வைத்துவிட்டு எடுத்துவிடுவேன். பிளாஸ்டிக் கிண்ணம் என்றால் கடித்தே தீர்த்துவிடும். புரளும் விதம் பார்க்க நன்றாக இருக்கும்: முதலில் முன்னங்கால்களால் பரபரவென்று பறிக்கும், திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து உடம்பை நீட்டி முறுக்கும், எழுந்து மறுபக்கம். கிண்ணத்திலேயே சிறுநீர் போகிற பழக்கமும் உண்டு. கட்டி கண்ட இடத்தை அள்ளி எறிந்துவிட்டு, வாரம் ஒருமுறை மீதியைச் சலித்து மறுபடி வறுக்கலாம். அடைமழைக் காலத்தில் அதைக் கொட்டிவிட்டுப் புது மணல் போடுவேன்.

மணலை மாற்றியும் பொருக்கு போகவில்லை, தும்மல் தொடர்கிறது, மூச்சு விடும்போது ‘டிக் டிக்’ சத்தம் வருகிறது என்றால் மணலோடு மல்லுக்கட்டாமல் மருத்துவரிடம் போங்கள். டவுன் கிளினிக்குகள் பலவற்றில் பூனை, நாயோடு சரி. முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பெட்டியில் வைக்கத் தூக்கும்போது வாலைப் பிடிக்காதீர்கள், தோல் உருவிக்கொண்டு வந்துவிடும். போகும்போது அந்த மணலில் ஒரு பிடியைப் பையில் கட்டி எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான் இருக்கும்.