முதலில் கூப்பிட்டது யார்?

மாதம் 5ஆம் தேதி. கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில் ஒரு சின்ன கம்பெனி. 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். அதற்கான பணம் கரண்ட் அக்கவுண்டில் வந்து நிற்கிறது. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணின் திரையில் ஒரு பக்கம் டேலி, ஒரு பக்கம் நெட்பேங்கிங். சிபியூவில் முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகியபடி இருக்கிறது. போன மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டபோது சொருகியது, அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

போன் அடிக்கிறது.

“மேடம், கூரியர் கம்பெனிலேர்ந்து பேசறேன். போன மாச பில்லுல 2,360 ரூபாய் அதிகமா எடுத்துட்டோம், ரிபண்ட் போடணும். சிஸ்டம் முன்னாடிதானே இருக்கீங்க? எனிடெஸ்க் இருக்கா? அதுல வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

இது ஒருவருடைய கதை அல்ல. நம் திருவள்ளூர் பக்கத்தில் எந்த ஆபீஸிலும் எந்த நாளும் நடக்கக்கூடிய காட்சி. அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காகவும், நாளை உட்காரப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பணம் எப்படிப் போகிறது?

எனிடெஸ்க் என்பது வேறோர் இடத்திலிருந்து நம் கணினியை இயக்க உதவும் சாப்ட்வேர். அதன் எண்ணைச் சொன்னதும் திரையில் அனுமதி கேட்கும். ‘அக்செப்ட்’ அழுத்திய நொடியில் உங்கள் மவுஸ் அவர் கைக்குப் போய்விடுகிறது. “ரிபண்ட் ஏறிச்சான்னு பாக்கணும், பேங்க் பேஜைத் திறங்க” என்பார். திறந்ததும் திரை கறுப்பாகும். “சர்வர் ஸ்லோ மேடம், எதையும் தொடாதீங்க.”

அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் இரண்டில் ஒன்று நடக்கும். உங்கள் கம்பெனியின் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கே பணத்தை மாற்றி வைப்பார். அல்லது, பிரவுசரில் தெரியும் எண்ணை மட்டும் திருத்துவார். அப்படித் திருத்தினால் பேங்க்கில் ஒரு ரூபாய்கூட நகர்ந்திருக்காது. திரை மறுபடி தெரியும்போது 2,360 இருக்க வேண்டிய இடத்தில் 2,36,000 இருக்கும்.

“ஐயோ மேடம், ரெண்டு சைபர் சேர்த்து அடிச்சுட்டேன். என் வேலை போயிடும். அதிகமா வந்ததை மட்டும் திருப்பி அனுப்பிடுங்க.”

இதில் சிக்குவது பெரும்பாலும் நேர்மையான ஆள்தான். அடுத்தவர் காசு நமக்கு வேண்டாம், ஒரு பிள்ளையின் வேலை போய்விடக்கூடாது என்று நினைத்துத் தன் கையாலேயே அனுப்புகிறார். போவது சம்பளப் பணம்.

கைபேசியில் இது இன்னும் சுருக்கம். திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போட வைத்து, “பத்து ரூபா கட்டுங்க, ரிபண்ட் ரிலீஸ் ஆயிடும்” என்பார்கள். அந்தப் பத்து ரூபாய்க்காக நீங்கள் அடிக்கும் கார்டு எண்ணும், வரும் ஓடிபியும் அப்படியே அவர் கண்ணில் படும். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லி வங்கிகளை எச்சரித்தது. 2022இல் தமிழ்நாட்டில் வேறு முகத்தோடு வந்தார்கள்: ‘பில் கட்டவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த நம்பருக்குப் பேசுங்கள்’ என்ற குறுஞ்செய்தி. பேசினால் அங்கேயும் அதே ஆப்தான். காரணம் மாறிக்கொண்டே இருக்கும். கேட்பது மட்டும் மாறாது.

நம் வட்டாரத்தில் ஏன் எளிதாக நடக்கிறது?

எனிடெஸ்க்கும் அதைப் போன்ற டீம்வியூவரும் திருட்டுக் கருவிகள் அல்ல. காக்களூர் எஸ்டேட்டிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அவை இல்லாமல் பாதி வேலை நின்றுவிடும். டேலியில் பிழை வந்தால் சாப்ட்வேர் போட்டவர் ரிமோட்டில் வருகிறார். பயோமெட்ரிக்கில் வருகைப்பதிவு ஏறாவிட்டால் அந்தக் கம்பெனிக்காரர் வருகிறார். சிஎன்சி மெஷின் நின்றால் வெளியூர் சர்வீஸ் இன்ஜினியர் வருகிறார். “எனிடெஸ்க் போடுங்க” என்பது நமக்குத் தினமும் காதில் விழும் வார்த்தை. பழகிய வார்த்தை என்பதால்தான் திருடன் சொல்லும்போதும் கை தானாக அந்த ஐகானுக்குப் போகிறது.

ஆகவே “யாரையும் உள்ளே விடாதே” என்ற அறிவுரை இங்கே செல்லாது. கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: முதலில் கூப்பிட்டது யார்? நமக்குக் கோளாறு என்று நாம் கூப்பிட்டு வந்தவர் வேறு, தானாகக் கூப்பிட்டு உள்ளே வரக் கேட்பவர் வேறு. இரண்டாமவருக்குக் கதவு கிடையாது. அவர் எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாலும், உங்கள் பில் நம்பரையே சொன்னாலும் கிடையாது.

ரிமோட் கொடுக்கும் முன் ஐந்து பழக்கங்கள்

1. எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நாம் கூப்பிட்டாலும் எண் தவறாக இருந்தால் பயனில்லை. கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடினால் வரும் எண்களில் போலிகளும் உண்டு. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டிலேயே இது இருக்கிறது. பில்லில், பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தத்தில், பாஸ்புக்கில் அச்சான எண்தான் எண். மின்சாரம் பற்றிய சந்தேகம் என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987.

2. பேங்க்கை மூடுங்கள், டோக்கனைக் கழற்றுங்கள். தெரிந்த டேலிக்காரரே வந்தாலும் நெட்பேங்கிங்கிலிருந்து லாக்அவுட் செய்த பிறகே ‘அக்செப்ட்’. டோக்கன் அலமாரிக்குள் போகட்டும். பிரவுசரில் பேங்க் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

3. எழுந்து போகாதீர்கள். அவர் வேலை செய்யும் வரை திரை முன் இருங்கள். டீ வந்திருக்கிறது என்று வெளியே போனால், ஒப்படைத்துவிட்டுப் போனதாகத்தான் அர்த்தம். திரை கறுத்தால் காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்; நெட் கேபிளைப் பிடுங்குங்கள்.

4. வேலை முடிந்ததும் கதவைச் சாத்துங்கள். எனிடெஸ்க்கில் ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டால், அடுத்த முறை உங்கள் அனுமதி இல்லாமலே உள்ளே வரலாம். அந்த வசதி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தேவை இல்லாதபோது சாப்ட்வேரை முழுதாக மூடி வையுங்கள்.

5. உண்மையான ரிபண்ட் எப்படி வரும் என்று தெரிந்து வையுங்கள். ஜிஎஸ்டி ரிபண்ட், நாம் விண்ணப்பித்து, அதிகாரி உத்தரவு போட்டு, பதிவான வங்கிக் கணக்கில் ஏறும். வருமான வரி ரிபண்டும் முன்கூட்டிச் சரிபார்த்த கணக்குக்குத்தான் வரும். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் அடித்தால் பணம் போகிறது என்று பொருள். கணக்கு தொடர்பாக வாடிக்கையாளரை அழைக்க 1600 வரிசை எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பத்து இலக்க மொபைலிலிருந்து ‘பேங்க் மேனேஜர்’ பேசினால் வைத்துவிட்டுக் கிளைக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

மறுக்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வாக்கியம்: “பில்லுல இருக்கற நம்பருக்கு நானே கூப்பிடறேன் சார்.” உண்மையான ஆள் “சரிம்மா” என்பார். “கட் பண்ணாதீங்க, லைன்லயே இருங்க” என்று பதறினால் அவர் யாரென்று தெரிந்துவிட்டது.

பணம் போய்விட்டால், முதல் ஒரு மணி நேரம்

அழுவதற்கு நேரம் பிறகு இருக்கிறது. முதலில் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். போனில் நடந்திருந்தால் அதை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் போனை வாங்குங்கள்.

அடுத்தது 1930. தேசிய சைபர் குற்ற உதவி எண். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் நான்கும் கையில் இருக்கட்டும். திருடனின் கணக்கிலிருந்து பணம் வெளியே எடுக்கப்படுவதற்கு முன் அதை நிறுத்தி வைக்க முயல்வதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். எனவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். திருவள்ளூர் மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் எழுதிக் கொடுங்கள்.

அதே கையோடு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தனிநபர் கணக்கோ கம்பெனிக் கணக்கோ, இதில் சோம்பக் கூடாது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியின்படி, ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்து ஏமாந்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. நீங்கள் வங்கிக்குச் சொல்லும் நேரம்தான் அந்தக் கோட்டைப் போடுகிறது.

பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். பயத்தில் சிஸ்டத்தை ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவு அதில்தான் இருக்கிறது.

முதலாளிக்கு ஒரு வார்த்தை

நம் பக்கத்துச் சிறு கம்பெனிகளில் ஓடிபி முதலாளியின் போனுக்கு வரும். “சார், ஓடிபி வந்திருக்கா?” என்று அக்கவுண்ட்ஸிலிருந்து கேட்பார்கள். முதலாளி மப்பேடு ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டே ஆறு எண்ணையும் படித்துவிடுவார். அந்தக் குறுஞ்செய்தியிலேயே எவ்வளவு தொகை என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். வண்டியை ஓரம் கட்டி அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் மோசடி அங்கேயே நின்றிருக்கும். வங்கியில் கேட்டால், ஒருவர் போடும் பேமெண்டை இன்னொருவர் பார்த்து அனுமதிக்கும் ஏற்பாட்டைச் செய்து தருவார்கள். அதைச் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ஏமாந்த ஊழியரைத் திட்டி, சம்பளத்தில் பிடிப்பேன் என்று மிரட்டும் இடத்தில், அடுத்தவர் ஏமாந்தால் மறைப்பார். மறைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பணம் கைமாறிக் கைமாறி எட்டாத தூரம் போகிறது. “எதுவா இருந்தாலும் உடனே சொல்லும்மா, சேர்ந்து பாத்துக்கலாம்” என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். எந்தச் சாப்ட்வேரும் தராத பாதுகாப்பு அது.

அந்தப் பக்கம் வேலைக்குக் கூப்பிட்டால்

இந்த மோசடித் தொழிலுக்குப் பேசவும் ஆள் வேண்டும், பணம் இறங்கக் கணக்கும் வேண்டும். இரண்டுக்கும் வலை நம் பிள்ளைகள் மீதுதான் விழுகிறது. அமேசான், மைக்ரோசாப்ட் நிறுவனங்களின் புகார்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சிபிஐ 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்று 76 இடங்களில் சோதனை நடத்தியது. வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் வெளிநாட்டவரை ஏமாற்றிய கால்சென்டர்கள் அதில் சிக்கின. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் மோசடி வேலைக்குத் தள்ளப்பட்டவர்களில் 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

இன்டர்வியூவில் கம்பெனி பெயரைச் சொல்லாமல் மழுப்பினால், வேலையில் வேறு பெயரில் பேசச் சொன்னால், வாடிக்கையாளரிடம் ரிமோட் வாங்கினால் இன்சென்டிவ் என்றால், எழுந்து வந்துவிடுங்கள். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. “சம்பள அக்கவுண்டையும் ஏடிஎம் கார்டையும் ஒரு மாசம் கொடு தம்பி, அஞ்சாயிரம் தர்றேன்” என்று லைன்வீட்டு அறைக்கே வந்து கேட்பவரும் இதே கூட்டம்தான். திருட்டுப் பணம் இறங்கியதும் முடக்கப்படுவது உங்கள் கணக்கு, போலீஸ் தேடி வருவது உங்கள் முகவரிக்கு.

நாளைக் காலை ஆபீசுக்குப் போனதும் ஒரு வேலை. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று எண்களை எழுதி மானிட்டர் ஓரம் ஒட்டுங்கள்: 1930, உங்கள் வங்கிக் கிளை, டேலிக்காரரின் உண்மையான எண். அதற்குக் கீழே பெரிதாக, ‘முதலில் கூப்பிட்டது யார்?’ என்று எழுதுங்கள். பிறகு குனிந்து சிபியூவைப் பாருங்கள். டோக்கன் இன்னும் அங்கேயே சொருகி இருந்தால், டேலியைத் திறக்கும் முன் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.