பழைய பி.எல்.எம்-ஐ கிளவுடுக்கு மாத்தப்போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ

திருச்சுழியிலிருந்து கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிக்குப் போனியோ, ஓசூர் உதிரிபாகக் கம்பெனிக்குப் போனியோ, டிசைன் டிபார்ட்மென்ட்ல இருந்தா இந்த வேலை ஒருநாள் உன் தலையில விழும். டிராயிங், பார்ட் நம்பர், யார் எப்போ ஒப்புதல் கொடுத்தாங்கங்கிற கணக்கு எல்லாத்தையும் வச்சிருக்கிற பி.எல்.எம் சாப்ட்வேரைப் பழைய சர்வர்லேர்ந்து கிளவுடுக்கு மாத்தணும். "ஒரு மாசத்துல முடிச்சிடலாம்"னு வாயைக் குடுத்துட்டு வராதே.

1. முதல்ல கழி. கண்மாய்க்குத் தண்ணி வந்தப்புறம் யாராவது தூர் வாருவாங்களா? "ஏத்திட்டு அப்புறம் சுத்தம் பண்ணிக்கலாம்"னு மேனேஜர் சொன்னா தலையாட்டாதே. ஒரே டிராயிங் 'ஃபைனல்', 'ஃபைனல்-2', 'புது ஃபைனல்'னு மூணு கிடக்கும். எது நிஜம்னு இப்பவே முடிவு பண்ணு. நிறுத்தின மாடலைத் தனியா ஒதுக்கு. ஆனா அதுக்கு ஸ்பேர் கேட்டு இன்னும் ஆள் வர்றாங்களான்னு சர்வீஸ்காரரைக் கேக்காம ஒண்ணையும் அழிக்காதே.

2. ஃபைல் எண்ணிக்கை சரியா இருக்குன்னு துள்ளாதே. ஃபைல் சுளுவா போயிடும். அறுந்துபோறது அதுங்களுக்குள்ள இருக்கிற தொடர்புதான். ஒரு போல்ட் பத்து பம்புல இருக்கும். அதுல ஒரு திருத்தம் வந்தா பத்துலயும் தெரியணும். அதனால, நிறைய பார்ட் இருக்கிற நாலஞ்சு அசெம்பிளியை எடுத்து, பழையதுல ஒரு பி.ஓ.எம் (பார்ட் பட்டியல்), புதுசுல ஒரு பி.ஓ.எம் பிரிண்ட் போட்டு வரிக்கு வரி பாரு. 'இந்தப் பார்ட் எங்கெல்லாம் இருக்கு'ங்கிற ரிப்போர்ட்டையும் ரெண்டுலயும் எடுத்துப் பாரு. பெரிய கம்பெனிக்கே சறுக்கியிருக்கு. ஏர்பஸ் ஏ380 விமானம் 2006-ல தாமதமானதுக்கு ஒரு முக்கியக் காரணம், ஹாம்பர்க்ல 'கேட்டியா' (CATIA) டிசைன் சாப்ட்வேரோட 4-ம் வெர்ஷன், துலூஸ்ல 5-ம் வெர்ஷன். ஒரு பக்கம் மாத்தினது மறுபக்கம் ஒழுங்கா போய்ச் சேரல. கடைசியில ஒயரைக் கொண்டுபோய் மாட்டினா நீளம் பத்தல.

3. நடுவுல எக்செல்ல திறக்காதே. 00471-ங்கிற பார்ட் நம்பர் 471 ஆயிடும். 3-12 தேதியா மாறிடும். திறந்தே ஆகணும்னா, அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்'னு சொல்லி இம்போர்ட் பண்ணு.

4. தமிழ்க் குறிப்பைத் தேடிப் பாரு. இதை வெளியூர் வெண்டர் நிச்சயமா விட்டுடுவார். ஷாப் ஃப்ளோருக்காகப் பாமினியிலயோ வானவில்லயோ தட்டின குறிப்பெல்லாம் புது இடத்துல தாறுமாறான இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். தமிழ்நாடு அரசு 2010-லயே யுனிகோடுக்கு ஆணை போட்டாச்சு, நம்ம ஆளுங்கதான் பழைய எழுத்துருவை விடல! ஏத்துறதுக்கு முன்னாடியே கன்வெர்ட்டர்ல போட்டு மாத்து. மாத்தினதை ஃபோர்மேன்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லு. தப்பு அவர் கண்ணுலதான் படும்.

5. நெட்டை நம்பி நாள் குறிக்காதே. அப்லோடு 20 எம்.பி.பி.எஸ் தான்னா, ஒரு டி.பி. டேட்டா போகவே நாலரை நாள் பிடிக்கும், அதுவும் நிக்காம ஓடினா. அளவு பெருசா இருந்தா டிஸ்க்ல அனுப்ப வழி இருக்கான்னு கேளு. ஊர்லேர்ந்து வேலை பாக்குறியா, சப்-ஸ்டேஷன் மாதாந்திரப் பராமரிப்பு என்னைக்குன்னு பேப்பர்ல பாத்துட்டு நாள் சொல்லு. பங்குனிப் பொங்கல் வாரத்துல வேண்டவே வேண்டாம், நீ திருவிழாவுல இருப்பே, உன்னைத் தேடி ஆள் அனுப்ப என்னால முடியாது.

6. பழைய சாப்ட்வேர்ல யாரோ எழுதிச் செருகின குட்டி புரோகிராம் இருக்கும். எழுதினவர் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள பக்கத்துல உக்காந்து எது என்ன வேலைக்குன்னு கேட்டுக்கோ. பாதி இப்போ யாருக்கும் தேவைப்படாது, அதை விட்டுடலாம்.

7. ஒப்பந்தத்துல ரெண்டு கேள்வி கேளு. டேட்டா இந்தியாவுலயே இருக்குமா? மைக்ரோசாஃப்ட் 2015-லயும் அமேசான் 2016-லயும் இங்கயே டேட்டா சென்டர் திறந்தாச்சு, அதனால 'முடியாது'ன்னு சொன்னா நம்பாதே. நாளைக்கு வெளிய வரணும்னா எல்லாத்தையும் எந்த ஃபார்மேட்ல திருப்பித் தருவாங்க? பதிலை எழுத்துல வாங்கு.

8. மாறின மறுநாளே பழைய சர்வரை இரும்புக்கடைக்குப் போடாதே. ஒரு ஆடிட் முடியுற வரைக்கும் படிக்க மட்டும் விட்டு வை. எழுத யாருக்கும் அனுமதி கொடுக்காதே, எம்.டி கேட்டாலும் சரி.