ஒளியால் திருத்தப்படும் கண்வில்லை



பழவேற்காடு ஏரிக்கரையில் வலை பழுதுபார்ப்பவருக்கு அருகிலுள்ள நூலும் தெரியவேண்டும். தூரத்துப் படகும் தெரியவேண்டும். இளமையில் கண்ணின் மென்மையான வில்லை தானே வடிவம் மாறி இரண்டையும் காட்டுகிறது. 40 வயதுக்குமேல் அது விறைத்து வெள்ளெழுத்து வருகிறது. பின்பு புரை விழுகிறது.

1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லை பொருத்தினார். 1992 முதல் மதுரை ஆரோலேப் அவ்வகை வில்லைகளைக் குறைந்த செலவில் தயாரிக்கிறது. ஆனால் பொருத்தியபின் அதன் பவரை மாற்ற முடியாது.

2017-இல் அமெரிக்கா அனுமதித்த ஒரு வில்லை அப்படியல்ல. அது ஒளியை உணரும் மென்மையான சிலிக்கோன். புண் ஆறியபின் மருத்துவர் புறஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார். ஒளி பட்ட இடத்தில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. மீதியுள்ளவை அவ்விடம் நோக்கி நகர, வில்லையின் வளைவு திருந்துகிறது. கடைசியாக ஒளியாலேயே அதை நிலைப்படுத்துகிறார்கள்.

அதுவரை வெயிலிலுள்ள புறஊதாவும் வில்லையை மாற்றிவிடக்கூடும். எனவே விழித்திருக்கும் நேரமெல்லாம் காப்புக் கண்ணாடி அணிந்து, பலமுறை மருத்துவமனைக்கும் வரவேண்டும். நாளெல்லாம் தண்ணீரில் வெயில் தெறிக்கும் ஏரியில் பிழைப்பவருக்கு இது எளிதல்ல. இன்று அவருக்கு ஏற்றது மாறாத வில்லையும், வலை பின்ன ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடியுமே. அவை காலத்தோடு கிடைத்தால் அவர் தொழில் நிற்காது.