கருவில் இருக்கும் அமானிதமும் நாம் விடும் புகையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



கர்ப்பிணிப் பெண்ணுக்கு மார்க்கம் தந்திருக்கும் ஒரு சலுகையைப் பாருங்கள். தனக்கோ வயிற்றுப் பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சினால், அவள் ரமளான் நோன்பையே அப்போது விட்டுவிடலாம். இன்னும் முகம் காணாத ஒரு சிசுவுக்காக ஒரு கடமையையே தளர்த்தியிருக்கிறது ஷரீஅத். அதே சிசுவுக்காக நாம் ஒரு சிகரெட்டை விட மறுக்கிறோமே, இது நியாயமா?

"என் மனைவி புகைப்பதில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் நீங்கள் விடும் புகையை அவளும் சுவாசிக்கிறாள். அவள் சுவாசிப்பது பிள்ளையையும் சேருகிறது.

தாய்க்கு என்ன நேர்கிறது?

நம் மூச்சுக் குழாய்களில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்குகிறது. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களின் செயலையும் கெடுக்கிறது. கருவை உடல் ஏற்றுக்கொள்வதற்காகக் கர்ப்ப காலத்தில் தாயின் நோய் எதிர்ப்பு முறையே சற்று மாறியிருக்கும். அதனால்தான் சாதாரண ஃப்ளூ காய்ச்சல்கூட கர்ப்பிணியைக் கடுமையாகத் தாக்குகிறது. அந்த நேரத்தில் புகையும் சேர்ந்தால் அவள் நிலை என்ன?

பிள்ளைக்கு என்ன நேர்கிறது?

புகையில் இருக்கும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்கின்றன. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. குறைமாதப் பிரசவமும் எடைக் குறைவும் ஏற்படும் ஆபத்து கூடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிறக்கும் குழந்தைக்குச் சொந்தமாக எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு. முதல் சில மாதங்களுக்கு அதைக் காப்பது, தாயின் இரத்தத்திலிருந்து அதற்குக் கிடைத்த நோய் எதிர்ப்புப் பொருள்கள். அவற்றில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் பிள்ளையைச் சேருகிறது. முன்கூட்டியே பிறந்துவிட்டால் அந்தச் சொத்து முழுமையாகக் கிடைக்காமலே அது உலகுக்கு வருகிறது. வந்த பிறகும் வீட்டில் புகை என்றால் நிமோனியா, காதில் சீழ், ஆஸ்துமா, தூக்கத்தில் திடீர் மரணம் ஆகியவற்றின் ஆபத்து அதிகம்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை

வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. புகை இல்லாததால் தீங்கு இல்லை என்று எண்ணாதீர்கள். அதிலும் நிகோடின் உண்டு. அதுவும் குழந்தையைச் சென்றடைகிறது.

விட முடியாதா?

ரமளானில் ஸஹரிலிருந்து இஃப்தார் வரை பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் நம்மால் சிகரெட்டைத் தொடாமல் இருக்க முடிகிறது. அப்படியானால் முடியாது என்பது சரியான பதில் அல்ல. இஃப்தார் முடிந்ததும் முதல் வேலையாகப் பற்றவைப்பதை நிறுத்துவதில்தான் நம் உறுதி தெரியும். தனியாக முடியவில்லையா? இந்தியாவில் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைத்தால் ஆலோசனை தருகிறார்கள். மருத்துவரையும் அணுகுங்கள். விடும்வரை பால்கனியில் நின்று பிடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சட்டையிலும் கையிலும் ஒட்டிய நச்சோடுதான் பிள்ளையைத் தூக்குகிறோம்.

கர்ப்பத்தின் எந்த மாதத்தில் விட்டாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் நன்மையே. காலம் கடந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்.

சகோதரர்களே! ஸாலிஹான பிள்ளையைத் தா என்று துஆச் செய்கிறோம். அந்தப் பிள்ளை முதல் மூச்சு விடுவதற்கு முன்பே அதற்குரிய ஹக்கைப் பறிக்க வேண்டாம். நமக்குத் தந்த அமானிதங்களைப் பேணிக் காக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.